49 மாடு, 7 பிள்ளைங்க, பங்குக் கறி - என் அனுபவம்

சமமா பங்கு பிரிக்கிற புதிர்னு சொன்னாலே எனக்கு 49 மாட்டுக் கணக்குதான் ஞாபகம் வரும். எட்டாவது படிக்கறப்ப முழுப்பரீட்சை லீவுக்கு மதுரை பக்கம் அம்மாவோட ஊருக்குப் போயிருந்தேன், அங்க திண்ணைல உக்காந்து மாமா போட்ட கணக்கு இது. ஒரு பெரியவர்கிட்ட 49 மாடு, முதல் மாடு 1 படி பால் கறக்கும், ரெண்டாவது 2 படி, அப்படியே போய் 49வது மாடு 49 படி. பிள்ளைங்க 7 பேர். ஆளுக்கு 7 மாடு வரணும், பாலும் எல்லாருக்கும் ஒரே அளவு வரணும், ஒரு சொட்டு கூடக்குறைய இருக்கக்கூடாது.

மொத்தப் பால் எவ்வளவுன்னு கண்டுபிடிக்கறது கஷ்டமில்ல, 1225 படி, ஏழால வகுத்தா ஆளுக்கு 175. அதுவரைக்கும் அஞ்சு நிமிஷத்துல வந்துட்டேன். அப்புறம்தான் சிக்குச்சு.

நான் பண்ணது ஜோடி போடுறது. பழைய காலண்டர் தாளைக் கிழிச்சு 49 சீட்டு எழுதி தரையில பரப்பி, 1-ஓட 49, 2-ஓட 48, 3-ஓட 47ன்னு வச்சா ஒவ்வொரு ஜோடியும் சரியா 50. ஆளுக்கு மூணு ஜோடி குடுத்தா 150 ஆச்சு, ஆறு மாடும் ஆச்சு, இன்னும் ஒரே ஒரு மாடு வேணும், அது 25 படி கறக்கணும். ஆனா 25 படி மாடு ஒண்ணே ஒண்ணுதான இருக்கு! மிச்சம் கிடக்கறது 22, 23, 24, 25, 26, 27, 28. ஒருத்தனுக்கு மட்டும் சரியா வருது, மத்த ஆறு பேருக்கும் கூடுது இல்ல குறையுது. (இதே 64 மாடு 8 பிள்ளைன்னா ஜோடியிலயே முடிஞ்சிடும், ஜோடிக்கு 65, ஆளுக்கு நாலு ஜோடி. 7 ஒத்தப்படைங்கறதுதான் இங்க பிரச்சனையே.) ரெண்டு நாள் அந்த சீட்டையே கலைச்சு கலைச்சு அடுக்கினேன், சாப்பிடக் கூப்பிட்டாலும் எந்திரிக்கல.

மூணாவது நாள் ஞாயித்துக்கிழமை. ஊர்ல பங்குக் கறி போட்டாங்க, மாமா என்னையும் கூட்டிட்டுப் போனாரு. பாத்திருக்கவங்களுக்குத் தெரியும், வாழை இலையை வரிசையா விரிச்சு கூறு போடுவாங்க. தொடைக்கறின்னா எல்லா இலைக்கும் ஒரு துண்டு, அப்புறம் நெஞ்செலும்பு எல்லாத்துக்கும் ஒரு துண்டு, அப்புறம் ஈரல், குடல்னு. எந்தக் கூறும் வெறும் எலும்பாவும் இருக்காது, வெறும் ஈரலாவும் இருக்காது. கறி வெட்டுறவரு ஒவ்வொரு சுத்துக்கும் வேற வேற இலையில இருந்து ஆரம்பிச்சாரு, ஏன்னு கேட்டதுக்கு "முதத் துண்டு எப்பவும் கொஞ்சம் பெருசா விழுந்துரும்ப்பா, ஒரே இலைக்குப் போட்டா மத்தவங்களுக்கு நட்டம்ல"ன்னாரு. மாமா என் தோள்ல தட்டி "என்ன மாப்ள, மாட்டையும் இப்படிப் பிரிச்சா என்ன?"ன்னு கேட்டாரு.

வீட்டுக்கு ஓடி வந்து சீட்டை ஏழு ஏழா ஏழு வரிசை அடுக்கினேன். மேல 1ல இருந்து 7, அடுத்து 8ல இருந்து 14, கடைசி வரிசை 43ல இருந்து 49. நேரா மேலருந்து கீழ எடுத்தா முதல் பிள்ளைக்கு 154தான், கடைசிப் பிள்ளைக்கு 196. அதாவது எல்லா சுத்தும் ஒரே இலையில ஆரம்பிச்ச மாதிரி. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கட்டம் தள்ளித் தள்ளி எடுத்தேன்: 1, 9, 17, 25, 33, 41, 49. கூட்டினா 175! அடுத்தவனுக்கு 2, 10, 18, 26, 34, 42, அதுக்கு மேல தள்ள இடமில்ல, சுத்தி வந்து 43. அதுவும் 175. ஏழு பேருக்கும் வந்துச்சு. ஒவ்வொருத்தனும் எல்லா வரிசையிலயும் ஒண்ணு, மேலருந்து கீழ வர்ற ஒவ்வொரு நேர் வரிசையிலயும் ஒண்ணு எடுத்துட்டான், அப்ப கூட்டுத்தொகை வேற மாதிரி வரவே முடியாது. அந்த நிமிஷம் கை நடுங்குனது இன்னும் ஞாபகம் இருக்கு.

ரொம்ப வருஷம் கழிச்சு 8ம் நூற்றாண்டு அல்குயின் பேர்ல இருக்கற புதிர்த் தொகுப்பைப் பத்திப் படிச்சேன், ஐரோப்பாவுல ஆண்ட சார்லமேன்ங்கற அரசரோட அவையில இருந்த அறிஞர் அவரு. அதுல 30 குடுவை வரும், 10 எண்ணெய் நிறைஞ்சது, 10 பாதி, 10 காலி, மூணு பிள்ளைங்க, குடுவையும் எண்ணெயும் சமமா வரணும். நிறைஞ்சதும் காலியும் ஜோடி சேந்தா ரெண்டு பாதிக்கு சமம், அதனால ஒருத்தனுக்கு பத்துப் பாதியையும் குடுத்துட்டு மத்த ரெண்டு பேருக்கும் அஞ்சஞ்சு ஜோடி குடுத்தா முடிஞ்சுது. ஜோடி போடுற என் யோசனை அங்க அப்படியே பலிச்சதைப் பாத்ததுல ஒரு சந்தோஷம்.

போன மாசம் என் பொண்ணுக்கு மாட்டுக் கணக்கு சொன்னேன். அவளும் ஜோடிதான் போட்டா, அதே 22ல இருந்து 28 வரைக்கும் மிச்சம் வந்து நின்னா. நான் வாயத் தொறக்கல. கொஞ்ச நேரம் பாத்துட்டு "அப்பா, 22 வச்சிருக்கவனுக்கு 3 குறையுது, 28 வச்சிருக்கவனுக்கு 3 கூட இருக்கு, அப்ப 22 வச்சிருக்கவன் தன்கிட்ட இருக்க 5 படி மாட்டை 28 வச்சிருக்கவன்கிட்ட குடுத்து 8 படி மாட்டை வாங்கிக்கட்டுமே"ன்னா. மாத்திப் பாத்தோம், ரெண்டு பேருக்கும் 175. அப்புறம் 23-உம் 27-உம் ரெண்டு வித்தியாசத்துல ஒரு மாட்டை மாத்திக்கிட்டாங்க, 24-உம் 26-உம் ஒண்ணு வித்தியாசத்துல. மூணே மாத்தல், எல்லாருக்கும் 175.

நான் ரெண்டு நாள் உக்காந்து விட்டுட்டு வந்த வழி அது. உடனே மாமாவுக்கு போன் போட்டு அவகிட்டயே குடுத்துட்டேன்.