30 அலகுக்குள் அடங்கும் வீடுகள்: மின்கட்டணமும் எரிபொருள் விலையும் தொடர்பில் மலையகத்து அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து

2023 பெப்ரவரியில் மின்கட்டணம் உயர்ந்த பிறகு, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கட்டணச் சீட்டுகளை வாசித்து விளக்கும் வேலை பெரும்பாலும் என்னிடமே வந்து சேர்ந்தது. ஒரு நாள் மாலை மேல் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) அம்மா ஒருவர், கொழுந்துப் பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே வந்து, "தம்பி, வேற யாரு பில்லையோ எனக்குக் குடுத்துட்டாங்க போல, கொஞ்சம் பாருங்க" என்று சீட்டை நீட்டினார். அவர் வீட்டில் இரண்டு மின்குமிழ்களும் ஒரு பழைய தொலைக்காட்சியும் மட்டுமே இருந்தன. சீட்டு அவருடையதுதான். மீட்டர் 30 அலகு ஓடியிருந்தது. கட்டணம் 1,300 ரூபா.

இந்தக் கணக்கை எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். 2022 ஆகஸ்டுக்கு முன்னர் 30 அலகுக்கு உட்பட்ட வீடுகளுக்கு அலகொன்று 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. ஆக, 30 அலகுக்கு 105 ரூபா. அந்த ஆகஸ்டில் அலகு 8 ரூபாவாகவும் நிலையான கட்டணம் 120 ரூபாவாகவும் ஏறியபோது அது 360 ரூபாவானது. அடுத்த பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா என்றானதும் 1,300 ரூபாவில் வந்து நின்றது. அன்று தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா.

கடைத்தெருவில் அரசாங்கத்தை ஆதரித்துப் பேசிக்கொண்டிருந்த ஓர் அண்ணன், சராசரி உயர்வு 66 வீதம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல் என்று கேட்டார். அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே 360ஐயும் 1,300ஐயும் எழுதிக் காட்டினேன். சராசரி எதுவாக இருந்தாலும், இந்த அம்மாவுக்கு ஏறியது மூன்றரை மடங்குக்கும் மேல். அந்த அண்ணன் சற்று நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "இல்லையென்றால் சர்வதேச நாணய நிதியம் கடன் தராது, நாடு மறுபடி இருளில் மூழ்கும்" என்றார். அதை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததையும், எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் நாடு தவித்ததையும் நாங்களும் அனுபவித்தோம். உற்பத்திச் செலவை யாரோ ஒருவர் கொடுத்தே ஆக வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அதில் எவ்வளவை யார் தலையில் வைப்பது என்பது அரசியல் முடிவு. 2023 ஜூலையில் அலகு 10 ரூபாவாகவும் நிலையான கட்டணம் 150 ரூபாவாகவும் இதே வீடுகளுக்குக் குறைக்கப்பட்டன என்றால், பெப்ரவரியில் அது ஏன் முடியாமற் போனது? கட்டண உயர்வை வெளிப்படையாக எதிர்த்த, மின்கட்டணத்துக்கு அனுமதி வழங்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவரை, இடைப்பட்ட மே மாதத்தில், பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்குகளால் பதவி நீக்கியது.

பண்டாரவளையிலிருந்து

நான் ஓட்டோ ஓட்டுபவன். 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பிறகு, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறியீடு கொடுத்து எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்து, முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்றார்கள். வரிசைச் சண்டை அதனால் ஓரளவு தணிந்தது என்பது உண்மை. ஆனால் கொழும்பில் சமதரையில் ஓடும் வண்டிக்கும், குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் முதலாம் கியரிலேயே ஏறும் வண்டிக்கும் ஒரே அளவுதான். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டே இறங்குவோம். பிரேக்கில் கால் மரத்துப்போகும். கிளினிக் நாளில் ஒரு முதியவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் திரும்பினால், அன்றைய மற்ற ஓட்டங்களை மறந்துவிட வேண்டும். வாடகையைச் சொன்னபோது அவர் மகன் என்னைக் கொள்ளைக்காரன் என்று ஏசினார். அந்த வீட்டின் நிலை எனக்குத் தெரிந்ததால் பதில் பேசவில்லை.

இப்போது எங்கள் தரிப்பிடத்தில் ஓயாமல் நடக்கும் வாக்குவாதம், லீற்றருக்கு அறவிடப்படும் 50 ரூபா வரியைப் பற்றியது. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் 884 பில்லியன் ரூபா கடனைத் திறைசேரி ஏற்றுக்கொண்டது, அதை அடைக்கத்தான் இந்தப் பணம் என்கிறார்கள். விலையை உயர்த்தாமல் ஆண்டுக்கணக்கில் நட்டத்துக்கு விற்றதும் வாக்குக்காகவே என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதிர்க்கட்சியில் இருக்கும்போது வரியைக் குறை என்பதும், ஆட்சிக்கு வந்ததும் கடனைக் காட்டுவதும் எல்லாக் கட்சிகளிடமும் உள்ள பழக்கமாகிவிட்டது. அந்தக் கடன் இதுவரை எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதை, மாதந்தோறும் விலை அறிவிக்கும் அதே தாளில் ஒரு வரியாக எழுதினால், எங்களுக்குள் நடக்கும் சண்டை பாதி குறையும்.

தலவாக்கலையிலிருந்து

ஹட்டன் நண்பர் போட்ட கணக்கோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும், 1950இலிருந்து இயங்கும் லக்சபான மின்நிலையமும் தோட்டங்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன. எங்கள் ஊரில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் திறன் 150 மெகாவாட். அதற்காக இங்கே குடும்பங்கள் இடம்பெயர்ந்தன; மலையகக் கட்சிகள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தன. எங்கள் நீரிலிருந்து வரும் மின்சாரத்துக்கு நிலக்கரி விலையா என்று இங்குள்ள இளைஞர்கள் கோபத்தோடு கேட்கிறார்கள். மின்சாரம் ஒரே தேசிய வலையமைப்பில் கலக்கிறது, மழை பொய்க்கும் ஆண்டில் நிலக்கரியும் எண்ணெயும்தான் நமக்கும் வெளிச்சம் தருகின்றன என்று அவர்களுக்குச் சொல்வேன். ஆனாலும் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கட்டணத் திருத்தத்துக்கு முன்பு ஆணைக்குழு மாகாணங்களில் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. கண்டியில் நடந்த அமர்வொன்றில் பேசினேன். ஹோட்டல்காரர்களும் தொழிற்சாலைக்காரர்களும் கோப்புகளோடு வந்திருந்தார்கள். லயத்திலிருந்து வந்தவர் என்று என் கண்ணுக்கு வேறு யாரும் தென்படவில்லை. 30 அலகுக்கு உட்பட்ட வீடுகளின் நிலையான கட்டணத்தைத் தனியாக ஆராயுங்கள் என்று தமிழில் கேட்டேன், குறித்துக்கொண்டார்கள். அடுத்த அமர்வுக்கு வெவ்வேறு தோட்டங்களின் பழைய சீட்டுகளை ஆண்டு வாரியாக அடுக்கிக் கொண்டுபோக எண்ணுகிறேன். 2022, 2023ஆம் ஆண்டுச் சீட்டுகளை வைத்திருப்பவர்கள் பெயரையும் கணக்கிலக்கத்தையும் மறைத்துவிட்டு, அலகும் தொகையும் தெரியும்படி படம் எடுத்துத் தாருங்கள்.