பெரிய வீட்டுக் குழு: தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு முந்தைய வாரம்

செல்வி அத்தை: [பகிரப்பட்டது] பிரேசிலில் ஒரு தாத்தா எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த பென்குவினைக் காப்பாற்றினார். அது வருடா வருடம் 8,000 கி.மீ. நீந்தி வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகிறது! நன்றி மறக்காத ஜீவன்!! பத்துப் பேருக்கு அனுப்புங்கள் 🙏

செல்வி அத்தை: படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது

மலர் சித்தி: ஆமாங்க அண்ணி, மனுசங்களை விட மேல்

கார்த்தி: நித்யாக்கா இது நிஜமா? போன வாரம் வந்த அந்தப் பேசும் யானை மாதிரி இல்லையே

நித்யா: பெரும்பாலும் நிஜம்தான் கார்த்தி. ரியோவுக்குப் பக்கத்தில் ஒரு தீவில் 2011-ல் நடந்தது, அவர் கழுவித் துடைத்து மீன் கொடுத்துத் தேற்றினார், அதற்குப் பிறகும் அது பல தடவை அவரைத் தேடி வந்தது. இது வரைக்கும் சரி. அந்த 8,000 கி.மீ.யை மட்டும் யாரும் அளக்கவில்லை, யாரோ வழியில் சேர்த்தது. அத்தை, சேர்க்காமலே அழகாகத்தான் இருக்கிறது, அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு எல்லோருக்கும் அனுப்புங்கள்.

செல்வி அத்தை: சரி கண்ணு. அப்போ அளந்த கதை ஒன்று சொல்லேன்

நித்யா: இருக்கிறது அத்தை. 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஒரு பட்டைவால் மூக்கன் கிளம்பியது. சேற்றுக் கரையில் நீள அலகை விட்டுப் புழு தேடுகிற பறவை. பிறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. முதுகில் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் சின்னக் கருவி வைத்திருந்தார்கள். பதினோரு நாள், எங்கேயும் இறங்காமல், தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை, நேராக ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. 13,560 கி.மீ. இது கின்னஸ் பதிவு. கடல் மேல் உட்காரவும் முடியாது, நீந்தும் பறவை இல்லையே, விழுந்தால் அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன் வயிறு நிறையத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும், இரைப்பை, ஈரல் எல்லாம் சுருங்கி உடம்பில் பாரத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த வகையில் பெரிய பறவைகள் முன்னாடியே போய்விடும், குஞ்சுகள் பெரும்பாலும் அவை இல்லாமல் பின்னால் கிளம்புகின்றன. வழி யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கார்த்தி: ஐந்து மாதக் குஞ்சா!!!

மலர் சித்தி: நம் கார்த்தி ஆத்தூரிலிருந்து சேலத்துக்குத் தனியாக வர இரண்டு தடவை போன் பண்ணுவான்

பிரபு மாமா: எல்லோரும் ஒரு நிமிடம் கவனிக்கவும். லைட் போடுபவரிடம் பேசி முன்பணம் கொடுத்தாயிற்று. வாசல் கேட்டிலிருந்து திண்ணை வரை சீரியல் செட், திண்ணைப் பந்தலில் சரம் சரமாகத் தொங்கல், இரண்டு ஃபோகஸ் லைட். ஞாயிறு காலையே ஏற்காட்டுக்கு வந்து கட்டிவிடுவார்கள்.

முருகேசன் பெரியப்பா: மாப்பிள்ளை, அதில் ஒரு சின்ன விசயம் இருக்கிறது. திண்ணைத் தூணில் ஏறியிருக்கும் மல்லிக்கொடியில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது. கன்னத்தில் சிவப்பு மீசை வைத்திருக்குமே, அதுதான். முட்டை இரண்டு. நான் நேற்றுதான் பார்த்தேன். அப்பா இன்னும் முன்னாடியே பார்த்துவிட்டு ஒருவருக்கும் சொல்லாமல் நாற்காலியை வேறு பக்கம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

பிரபு மாமா: கூட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க முடியாதா மச்சான்? பலா மரத்தில் வைத்தால் போதாதா

நித்யா: மாமா, நகர்த்தினால் தாய்ப்பறவை பெரும்பாலும் விட்டுவிட்டுப் போய்விடும். நாம் அடிக்கடி எட்டிப் பார்ப்பதும் கூடாது, நாம் எங்கே பார்க்கிறோம் என்று காக்காயும் செம்போத்தும் பார்த்துக்கொண்டே இருக்கும். அடைகாப்பது 12 நாள் போல, பிறகு குஞ்சு கூட்டை விட்டு வெளியே வர அதே அளவு. அதற்குள் விசேசம் வந்துவிடும்.

பிரபு மாமா: புரிகிறது கண்ணு, ஆனால் மாமனாருக்கு 80. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மலை ஏறி வருகிறார்கள். திண்ணை இருட்டாக இருந்தால் என்ன நினைப்பார்கள்?

செல்வி அத்தை: ஒரு குருவிக்காக யாராவது விளக்கை அணைத்து வைப்பார்களா என்றுதான் கேட்பார்கள்

நித்யா: அணைத்திருக்கிறார்கள் அத்தை, நம் சிவகங்கை மாவட்டத்திலேயே. 2020-ல், ஊரடங்கு நேரம். பொத்தக்குடி என்று ஒரு கிராமம். தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும். ஊரார் பேசி முடிவு செய்து ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கே போடவில்லை. கைபேசி வெளிச்சத்திலும் டார்ச்சிலும் நடந்தார்கள். ஒரு வீட்டுத் திண்ணை இல்லை அத்தை, முழு ஊரின் தெரு.

மலர் சித்தி: பேப்பரில் வந்ததே, எனக்கு ஞாபகம் இருக்கிறது

முருகேசன் பெரியப்பா: அதே மாவட்டத்தில்தான் கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். நாங்கள் காரைக்குடி போனபோது உள்ளே போய்ப் பார்த்தோம். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை எல்லாம் கண்மாயில் மரம் மரமாக உட்கார்ந்திருக்கும். அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி கிடையாது, கோயில் திருவிழாவுக்கும் கிடையாது. வனத்துறை தீபாவளிக்கு அவர்களுக்கு இனிப்புக் கொடுக்கும்.

கார்த்தி: குழந்தைகள் கூடவா வெடிப்பதில்லை? 

முருகேசன் பெரியப்பா: குழந்தைகளும்தான். அங்கே கல்யாணமாகி வருகிற மருமகள்கள் வரைக்கும் அப்படியே பழகிவிடுகிறார்கள்.

நித்யா: கார்த்தி, குழந்தைகள் என்றதும் எனக்கு ஐஸ்லாந்து ஞாபகம் வருகிறது. இதை எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சொன்னேன், ஒருத்தரும் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. ஹெய்மேய் என்று ஒரு தீவு, 4,000 சொச்சம் பேர் இருக்கிற ஊர். அங்கே பஃபின் என்று ஒரு கடல் பறவை, கறுப்பு வெள்ளை உடம்பு, பெரிய வண்ண அலகு. கடலோர மலைச்சரிவில் புல் மண்ணில் வளை தோண்டி அதற்குள் ஒரே ஒரு குஞ்சு வளர்க்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் குஞ்சு இரவில் தனியாக வெளியே வந்து கடலுக்குப் பறக்க வேண்டும். கடல்மேல் தெரியும் நிலா வெளிச்சத்தைப் பார்த்துப் போகும் என்கிறார்கள். ஆனால் கரையில் ஊர் வந்துவிட்டதே, துறைமுக விளக்கு, தெருவிளக்கு. குஞ்சுகள் குழம்பிப்போய் ஊருக்குள் இறங்கிவிடும். தரையிலிருந்து திரும்ப எழும்பத் தெரியாது, கார் டயருக்கடியில், பூனை வாயில் மாட்டும்.

நித்யா: அதனால் அந்த வாரங்களில் ஊர்ப் பிள்ளைகள் ராத்திரி தூங்கப் போவதில்லை. அட்டைப் பெட்டியும் டார்ச்சுமாகத் தெருத் தெருவாக, லாரிக்கடியில், மீன் கிடங்கு மூலையில் எல்லாம் தேடுவார்கள். அப்பா அம்மாவே காரில் கூட்டிக்கொண்டு போவார்கள். பிடித்த குஞ்சை இரவு வீட்டில் பெட்டிக்குள் வைத்திருந்து, மறுநாள் எடை போட்டுப் பதிவு செய்து, கடலோரப் பாறைக்குக் கொண்டுபோய் இரண்டு கையாலும் மேலே வீசுவார்கள். அது இறக்கையை அடித்துக்கொண்டு நேராகக் கடலுக்குப் போய்விடும். ஒரு காலத்தில் பஃபினைப் பிடித்துச் சாப்பிட்ட மக்கள்தான், இன்றும் அங்கே அந்தப் பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் குஞ்சுகளைத் தேடி நள்ளிரவில் அலைகிறார்கள். அம்மா செய்ததை மகள் செய்கிறாள், அடுத்து அவள் மகள்.

மலர் சித்தி: எனக்கு இப்போதே அங்கே போக வேண்டும் போல இருக்கிறது

கார்த்தி: நான் பெட்டி தூக்குகிறேன்

செல்வி அத்தை: வெளிச்சம் இவ்வளவு கெடுதலா? தெரியவே தெரியாது கண்ணு

நித்யா: ஆமாம் அத்தை. சென்னைக் கடற்கரையில் ஆமைக் குஞ்சுகளும் இப்படித்தான், கடல் பக்கம் போகாமல் ரோட்டு விளக்குப் பக்கம் நகர்ந்து செத்துப்போகும். கல்லூரி மாணவர்கள் 1980-களின் கடைசியிலிருந்து ராத்திரி ராத்திரியாகக் கரையில் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் பொரிக்க வைத்துக் கடலில் விடுகிறார்கள்.

கார்த்தி: என் பங்குக்கு ஒன்று. மகாவா என்று ஒரு எலி! ஆப்பிரிக்கப் பை எலி. தான்சானியாவில் பயிற்சி கொடுத்துக் கம்போடியாவுக்குக் கொண்டுபோனார்கள். கண்ணிவெடி மருந்தை மோப்பம் பிடித்து நிலத்தைச் சுரண்டிக் காட்டும். ஆள் ஒருவர் கருவி வைத்து நான்கு நாள் வரை தேட வேண்டிய டென்னிஸ் மைதான அளவு நிலத்தை அரை மணியில் முடித்துவிடும், எடை குறைவு என்பதால் மிதித்தாலும் வெடிக்காது. 2020-ல் வீரத்துக்குத் தங்கப் பதக்கம்! 2022-ல் இறந்துபோனது. சம்பளம் வாழைப்பழமும் கடலையும்.

செல்வி அத்தை: எலியா... எனக்கு எலி என்றாலே ஆகாது. ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் காலோடு நடக்கிறார்கள் என்றால் அதைக் கும்பிடலாம்

முருகேசன் பெரியப்பா: இங்கே மலைக் கிராமத்தில் தேன் எடுக்கிறவர்கள், ஓடையில் தண்ணீர் குடிக்க வரும் தேனீ எந்தப் பக்கம் பறக்கிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போய்க் கூட்டைக் கண்டுபிடிப்பார்கள். எனக்கு அதுவே ஆச்சரியம்.

நித்யா: பெரியப்பா, மொசாம்பிக்கில் பறவையே வந்து வழி காட்டுகிறது. நியாசா காட்டுப் பகுதியில் யாவோ மக்கள் 'ப்ர்ர்ர்ர்... ஹ்ம்' என்று ஒரு குரல் கொடுப்பார்கள், அப்பாவிடம் கற்றுக்கொண்டது. அதைக் கேட்டால் தேன்காட்டிப் பறவை வந்து, மரத்துக்கு மரம் தாவிக் கத்திக்கொண்டே, தேன்கூடு இருக்கும் மரம் வரை கூட்டிப்போகும். இவர்கள் புகை போட்டுத் தேன் எடுப்பார்கள், பறவைக்கு மெழுகும் புழுவும். அதற்கு மெழுகு செரிக்கும். பங்கை இலைமேல் வைத்துவிட்டு வருவார்கள். இது காட்டுப் பறவை பெரியப்பா, யாரும் பிடித்து வளர்த்ததில்லை. 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். மற்ற சத்தம் எழுப்பினால் பறவை வழிகாட்ட வருவது 33 சதவீதம் போல, அந்தக் குரல் கொடுத்தால் 66. தான்சானியாவில் ஹட்சா மக்கள் வேறு மாதிரி சீட்டி அடிக்கிறார்கள், அங்குள்ள பறவை அதற்குத்தான் அதிகம் வரும்.

முருகேசன் பெரியப்பா: இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னார்.

பிரபு மாமா: எல்லாம் சரிங்க, நல்ல விசயம்தான். ஆனால் கொடுத்த முன்பணம்? பந்தல்காரர், லைட்காரர் எல்லோருக்கும் இது பிழைப்பு. அவர்களிடம் போய்க் குருவி என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது

நித்யா: மாமா, பிழைப்பு என்பது சின்ன விசயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நாகாலாந்தில் பாங்டி என்று ஒரு கிராமம், தோயாங் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில். அமூர் வல்லூறு என்கிற சின்னப் பருந்து வகை, இருநூறு கிராம் கூட வராது, சைபீரியா, வட சீனப் பக்கத்திலிருந்து தெற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் அக்டோபர், நவம்பரில் அங்கே லட்சக்கணக்கில் இறங்கும். ஈசல் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு இந்தியாவைக் கடந்து அரபிக்கடலை ஒரே மூச்சில் தாண்டும். ஊரார் மீன்வலையை மரங்களுக்கு நடுவே கட்டிப் பிடித்து விற்பார்கள், 2012-ல் ஆயிரம் ஆயிரமாகக் கொன்று விற்ற படங்கள் உலகம் முழுக்கப் போயின. அந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். பறவை ஆர்வலர்கள், சர்ச், ஊர்ச் சபை எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த வருடம், 2013-ல், ஒரு பறவை கூட அங்கே கொல்லப்படவில்லை. ஒரே வருடம் மாமா! வலை கட்டியவர்களே காவலுக்கு நின்றார்கள். அந்த வருடம் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டி, நாகா, வோக்கா, பாங்டி என்று பெயர் வைத்தார்கள். தங்கள் ஊர்ப் பெயரில் ஒரு பறவை ஆப்பிரிக்கா போய்வருவதை அந்த ஊர் பார்த்தது.

நித்யா: நாம் வருமானம் எதையும் விட வேண்டியதில்லை, சரத்தை வேறு பக்கம் கட்டினால் போதும். லைட்காரருக்குப் பேசிய பணத்தை அப்படியே கொடுப்போம்.

மலர் சித்தி: ஹோமம் எப்படியும் காலையில்தானே. சாயங்காலம் எல்லோரும் முன்வாசலில் காபிக்காய் உலர்த்தும் களத்தில் உட்காரலாம், இடமும் தாராளம்

முருகேசன் பெரியப்பா: களம் இப்போது காலியாகத்தான் இருக்கிறது, காய் எல்லாம் எப்போதோ போயாயிற்று. பெருக்கிச் சாணி தெளித்துவிடச் சொல்கிறேன்.

முருகேசன் பெரியப்பா: [குரல் பதிவு, 0:41]

கார்த்தி: கேட்க முடியாதவர்களுக்கு: தாத்தா பேசியிருக்கிறார். திண்ணையில் ஒரு விளக்கு கூட வேண்டாம், பாத பூஜை, நலங்கு எல்லாம் களத்திலேயே வைத்துக்கொள்ளலாம், மாப்பிள்ளைக்குச் சங்கடம் என்றால் லைட்காரரிடம் நானே பேசுகிறேன், என் 80-க்கு வீட்டுக்கு வந்த விருந்தாளியை விரட்டினேன் என்று இருக்கக் கூடாது என்கிறார்.

பிரபு மாமா: ஐயோ, மாமா பேச வேண்டாம், நானே பேசுகிறேன். களத்தைச் சுற்றி சில்வர் ஓக் மரங்களில் சரம் விடச் சொல்கிறேன். ஃபோகஸ் லைட் ரோட்டுப் பக்கம் பார்த்து. திண்ணைக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டிவிடுவோம், குழந்தைகள் ஓடாமல் இருக்க.

செல்வி அத்தை: மைக் செட்?

பிரபு மாமா: அதுவும் வேண்டாம். நாதஸ்வரம் களத்தின் கீழ்க் கோடியில், ஒரு மணி நேரம்.

கார்த்தி: கூட்டைப் படம் எடுக்கலாமா பெரியப்பா

முருகேசன் பெரியப்பா: கிட்டே போகக் கூடாது. சாப்பாட்டு அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். ஒருவர் ஒருவராக, கண்ணாடியைத் திறக்காமல்.

செல்வி அத்தை: நான் சேலம் குகைப் பகுதியிலிருந்து தட்டுவடை செட்டுக்கு எல்லாம் கொண்டுவருகிறேன், காரட் பீட்ரூட் அங்கேயே துருவிக்கொள்ளலாம். நித்யா, அந்த ஐஸ்லாந்துப் பிள்ளைகள் கதையைத் தனியாக எழுதி அனுப்பு கண்ணு, எங்கள் தெருக் குழுவில் போட வேண்டும். தீபாவளிக்கு முன்னாடி அந்தக் கொள்ளுக்குடிப்பட்டியையும் சேர்த்து.

நித்யா: இப்போதே அனுப்புகிறேன் அத்தை.

பிரபு மாமா: லைட்காரர் சரி என்றுவிட்டார். அவர் வீட்டு மீட்டர் பெட்டியிலும் ஒரு கூடு இருக்கிறதாம், என்ன குருவி என்று நித்யாவிடம் கேட்கச் சொன்னார். படம் அனுப்புகிறேன் பார்.