மறுமொழி: ரேண்டம் அசைன்மெண்ட்டுக்கு ‘ஒதுக்கீடு’ வேண்டாமே

எல்லோருக்கும் வணக்கம்.

ஆய்வில் யார் எந்தக் குழுவில் என்பதை ஆள் முடிவு செய்யாமல் தற்செயலுக்கு விட்டுவிடுகிற ‘ரேண்டம் அசைன்மெண்ட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நேற்று இரவு வரை வந்த மடல்களைப் படித்துவிட்டேன். ‘சமவாய்ப்பு ஒதுக்கீடு’ பக்கம்தான் ஆள் அதிகம் போலிருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. எம்.எட். வகுப்பில் ஆய்வு முறைகள் பாடம் எடுக்கிறவன் நான். இதைக் கரும்பலகையில் எழுதினால் ‘எந்த ஜி.ஓ. சார்?’ என்று எவராவது கேட்பார். சமவாய்ப்பு என்றால் அரசமைப்புச் சட்டம், ஒதுக்கீடு என்றால் இடஒதுக்கீடு. இரண்டையும் சேர்த்து ஒட்டினால் அரசாணை வாடை வராமல் என்ன செய்யும்?

வாடை போகட்டும், பொருளும் இடிக்கிறது. வாய்ப்பு சமமாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளைப் புதிய பயிற்சிக்கும் ஒரு பங்கைப் பழைய முறைக்கும் போடலாம். யார் எங்கே என்பதை ஆள் முடிவு செய்யக்கூடாது, அவ்வளவுதான். ரேண்டமுக்கு இலங்கை நண்பர் சொன்ன ‘எழுமாற்று’ இந்த வகையில் மேல், அங்கே பழகிய சொல்லும்கூட. ஆனால் இங்கே என் மாணவர்கள் அதை ‘ஏமாற்று’ என்று வாசித்துவிடுவார்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஒருவர் வாசித்தேவிட்டார்.

என் யோசனை இது. ரேண்டம் சாம்ப்ளிங், அதாவது பெரிய கூட்டத்திலிருந்து ஆய்வுக்குச் சிலரைத் தற்செயலாகப் பொறுக்குவது, குலுக்கி எடுத்தல். ரேண்டம் அசைன்மெண்ட், அதாவது ஆய்வுக்கு வந்தவர்களைக் குழுக்களில் போடுவது, குலுக்கிப் பிரித்தல். பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் குலுக்கெடுப்பு, குலுக்குப்பிரிப்பு.

இரண்டுக்கும் சேர்த்துச் சொல் தேடுவதற்குக் காரணம் உண்டு. மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான், இரண்டிலும் ‘ரேண்டம்’ இருப்பதால் இரண்டும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வகுப்பின் அளவு படிப்பைப் பாதிக்கிறதா என்று பார்க்க 1985இல் தொடங்கிய ஸ்டார் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 79 பள்ளிகள், ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் மழலையர் வகுப்புப் பிள்ளைகளை 13 முதல் 17 பேர் உள்ள சிறு வகுப்பு, 22 முதல் 25 பேர் உள்ள வழக்கமான வகுப்பு, அதே அளவில் உதவியாளரும் இருக்கும் வகுப்பு என்று ரேண்டமாக மூன்றாகப் போட்டார்கள். ஆசிரியர்களையும் அப்படியே. ஆனால் பள்ளிகள் தாமாக முன்வந்தவை, அதிலும் மூன்று வகுப்பு நடத்துமளவுக்குப் பெரிய பள்ளிகள் மட்டும். ஆக, குலுக்கிப் பிரித்தார்கள், குலுக்கி எடுக்கவில்லை. சிறு வகுப்பில் மதிப்பெண் கூடியதற்கு வகுப்பின் அளவே காரணம் என்று சொல்ல முடிவது பிரித்ததால். மாநிலம் முழுக்க எல்லாப் பள்ளிக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லத் தயங்குவது எடுக்காததால். இதைச் ‘சமவாய்ப்பு ஒதுக்கீடு செய்யப்பட்டது, சமவாய்ப்பு மாதிரி எடுக்கப்படவில்லை’ என்று எழுதிப் பாருங்கள், மூச்சு முட்டும்.

‘குடவோலைப் பிரிப்பு’ என்று எழுதிய ஐயாவுக்கு: சொல் அழகு, உத்திரமேரூர் எனக்கும் பிடிக்கும். ஆனால் குடத்தில் போட்ட ஓலைகளில் சில வெளியே வரும், மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். அது எடுத்தல். நம்முடையதில் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை, எல்லோரும் ஏதாவது ஒரு குழுவில் உட்கார்ந்தாக வேண்டும்.

இந்தச் சொல்லில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சொந்தக் கதை. என் எம்.எட். ஆய்வேட்டில் ஒன்பதாம் வகுப்பு ‘ஏ’ பிரிவு புதிய முறையைச் சோதிக்கும் சோதனைக் குழு, ‘பி’ பிரிவு ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கட்டுப்பாட்டுக் குழு. ‘மாணவர்கள் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்பட்டனர்’ என்று எழுதியிருந்தேன். ஒரு பழைய ஆய்வேட்டில் அப்படி இருந்தது, நானும் எழுதினேன். நடந்தது என்னவென்றால் ‘ஏ’ பிரிவு டீச்சர் தெரிந்தவர், பீரியட் விட்டுக்கொடுத்தார். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், தேர்வாளர், ‘அந்தப் பள்ளியில் ஏ, பி எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?’ என்று கேட்டார். எட்டாம் வகுப்பு மார்க்கை வைத்து. பதில் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. ‘குலுக்கிப் பிரிக்கப்பட்டனர்’ என்று எழுத வேண்டியிருந்தால் கை நின்றிருக்கும், எதைக் குலுக்கினோம் என்று ஒரு நொடியாவது யோசித்திருப்பேன்.

இப்போது வகுப்பில் ஒரு சில்வர் டப்பாவில் பெயர்ச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் காட்டுகிறேன். போன மாதம் ஒரு பெண், ‘சார், நானும் இவளும் ஒரே குரூப்பில் இருந்துக்கிறோமே’ என்றாள். டப்பா எதற்கு என்று அன்றைக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

‘குலுக்கல் என்றால் லாட்டரி நினைவு வருகிறது’ என்ற மறுப்பு வரும். வரட்டும். தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தது 2003இல், இப்போது எம்.எட். படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த நினைவு எங்கே இருக்கப்போகிறது? கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களுக்கு விண்ணப்பம் மிஞ்சினால் ‘குலுக்கல்’ என்றுதான் அறிவிக்கிறார்கள், பெற்றோருக்கும் புரிகிறது. கணினியில் செய்யும்போது எதைக் குலுக்குகிறோம் என்று கேட்டால், கணினியும்தான் எண்களைக் குலுக்குகிறது, சத்தம் வராது.

அப்புறம் ஒரு லாபம். குவாசி எக்ஸ்பெரிமெண்ட்டுக்கு ‘போலிச் சோதனை’ என்று ஓர் ஆய்வேட்டில் பார்த்தேன், பாவம், ஆறு மாதம் பள்ளிக்கு அலைந்தவரைப் போலி என்கிறோம். குழுக்களைக் குலுக்காமல் இருக்கிறபடியே எடுத்துச் செய்வதுதானே அது? குலுக்காச் சோதனை என்று விடலாம்.

எனக்கே தீராத ஒன்று இருக்கிறது: குலுக்குப்பிரிப்பா, குலுக்கற்பிரிப்பா? இலக்கணம் தெரிந்தவர்கள் வியாழனுக்குள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை பாடக்குறிப்பு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது.