மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும் வரைதல் பழக்கம்: உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே நாள்தோறும் ஒரு படமாவது வரைய வேண்டும் என்று நான்கு முறை தொடங்கி, நான்கு முறையும் மூன்றாவது வாரத்தைத் தாண்டாமல் நிறுத்தியிருக்கிறேன். 2009இல் ஓவியர் ஜேக் பார்க்கர் தொடங்கிய இங்க்டோபரில் (அக்டோபர் மாதம் முழுவதும் நாளுக்கொரு மைப் படம் வரையும் சவால்) கலந்துகொண்டபோதும், 31 படங்களில் பதினெட்டோடு என் பேனா ஓய்ந்துவிட்டது.

நேரமின்மை இதற்குக் காரணமன்று என்றே நினைக்கிறேன். ஏ4 ஏட்டைத் திறந்தாலே பக்கம் முழுவதையும் நிரப்பியாக வேண்டும் என்ற அச்சம் வந்துவிடுவதால், இப்போது சட்டைப் பையில் அடங்கும் ஏ6 ஏட்டுக்கு (105 × 148 மி.மீ.) மாறியிருக்கிறேன். அழிப்பதிலேயே பாதி நேரம் போவதைத் தவிர்க்கப் பென்சிலையும் கைவிட்டு, நீரில் கரையாத மைப் பேனாவால் வரைகிறேன். காத்திருக்கும் இடங்களில் பிறருடைய கைகளையும் செருப்புகளையும் வரைய முடிகிறது. செருப்புகள் அசைவதில்லை என்பது பெரிய வசதி.

ஆனால் ஒருவரின் முழு உருவத்தை வரைய முயலும்போது, முதுகெலும்பின் வளைவைப் போட்டு முடிப்பதற்குள் அவர் எழுந்து போய்விடுகிறார். இத்தகைய 30 வினாடிக் கோடுகளையும் அன்றைய பயிற்சியாகக் கணக்கில் கொள்ளலாமா? ஒரே பொருளை ஒரு வாரம் தொடர்ந்து வரைவது நல்லதா, நாளுக்கொன்றாக மாற்றுவது நல்லதா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாள் விடுபட்டதும் ஏட்டையே மூடிவைத்துவிடும் என் மனநிலையை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள்? ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வரைபவர்கள், விடுபட்ட நாளுக்கு அடுத்த நாள் முதலில் என்ன வரைந்தீர்கள் என்பதைக் குறிப்பாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.