பேண்ட் உள்ளே, ஆள் வெளியே: ஹால் ஆஃப் ஃபேமில் யாருக்கு இடம் கொடுத்திருக்கணும்?

பள்ளத்தூர் டிரம்ஸ்:
அடுத்த மாசம் ஒரு ஞாயிறு சாயங்காலம் காரைக்குடியில ஒரு பழைய வீட்டு வளவுல ராக் கேட்பு வைக்கிறோம். சுத்தி எட்டுத் தூண் இருக்கு. அமெரிக்காவுல கிளீவ்லாந்துல இருக்கிற, ராக் இசைக்காரங்களைக் கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல பேண்ட் சேர்ந்தும் தான் மட்டும் விடுபட்டவங்களை, தூணுக்கு ஒருத்தர்னு படமும் நாலு வரிக் குறிப்புமா வைக்கலாம்னு யோசனை. பிளாக் சப்பாத்ல ஆஸிக்கு அப்புறம் பாடின ரானி ஜேம்ஸ் டியோ பேர் எழுதியாச்சு. அந்த பேண்ட் 2006ல உள்ளே போனப்ப ஆஸி, ஐயோமி, பட்லர், வார்டு நாலு பேர்தான். மிச்சம் யாரு? பிடிக்கும்கிறது மட்டும் காரணமா வேண்டாம். எந்த ஆல்பம், எந்த வருஷம்னு கேட்டா பதில் இருக்கணும். அந்த ஆளைக் காட்ட எந்தப் பாட்டைப் போடலாம்னும் சொல்லுங்க.

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி, முதல்ல அளவுகோலை முடிவு பண்ணுங்க. முதல் ரெக்கார்டு வந்து 25 வருஷம் ஆகணும்கிறது பேண்டுக்கான விதி. அந்த பேண்டுல யார் யார் பேர் போகணும்கிறதை அவங்க குழுதான் தீர்மானிக்குது, அதுலதான் குளறுபடி. நம்ம கோயில் புள்ளிக் கணக்குல, அதாவது குடும்பங்களை எண்ற கணக்குல, கல்யாணம் ஆனா புள்ளி, ஆகலைன்னா இல்லை, பேச்சே கிடையாது. அங்க பேண்டுக்கு ஒரு கணக்கு. 1994ல கிரேட்ஃபுல் டெட்டுக்கு பன்னிரண்டு பேர். பாட்டு எழுதிக் கொடுத்த ராபர்ட் ஹன்டரும் அதுல உண்டு. 2014ல கிஸ்ஸுக்கு முதல் நாலு பேரோட கதவைச் சாத்திட்டாங்க.

அதனால வேற வேற பேண்டை ஒப்பிட்டா வாதம் நிக்காது. ஒரே பேண்டுல உள்ளே போனவரையும் விடுபட்டவரையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. அப்படிப் பார்த்தா முதல் தூண் டியோவுக்கு இல்லை, நிக் சிம்பருக்கு. டீப் பர்ப்பிளோட முதல் மூணு ஆல்பத்துல (1968ல ரெண்டு, 1969ல ஒண்ணு) பேஸ் அவர், பாட்டு ராட் எவன்ஸ். ரெண்டு பேரும் அதே மூணு ஆல்பம், ரெண்டு பேரையும் அனுப்பினதும் 1969லதான். 2016ல எவன்ஸ் உள்ளே, சிம்பர் வெளியே. இதுக்கு எந்தச் சமாதானமும் ஒட்டாது. 'ஹஷ்' போடுங்க; அமெரிக்காவுல நாலாவது இடம் வரைக்கும் போன பாட்டு, பேஸை கூர்ந்து கேட்டா போதும்.

ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸும் இதே கதை. 2012ல உள்ளே போனப்ப கிட்டார்காரர் ஜாஷ் கிளிங்ஹாஃபர் அவங்களோட போட்டிருந்தது ஒரே ஆல்பம், 2011ல வந்தது; அவரைச் சேர்த்தாங்க. 1995 ஆல்பத்துல வாசிச்ச டேவ் நவாரோவுக்கும் ஒண்ணுதான், அவரை விட்டுட்டாங்க. முதல் ஆல்பத்துல (1984) கிட்டார் வாசிச்ச ஜாக் ஷெர்மனும் இல்லை. அதே ஆல்பத்துல டிரம்ஸ் வாசிச்ச கிளிஃப் மார்ட்டினெஸ் இருக்கார். ஒரு தூண்தான் மிச்சம்னா நான் ஷெர்மனை வைப்பேன்.

கோட்டையூர் ஆச்சி:
டிரம்ஸ்காரங்களை மறந்துட்டீங்களே, அதிகமா அடிபட்டது அவங்கதான்.

பேர்ல் ஜாம் 2017: முதல் ஆல்பம் பதிஞ்சு, அது வெளிவர்றதுக்குள்ள விலகின டேவ் க்ரூசன் உண்டு. 1991லேர்ந்து 1994 வரைக்கும் இருந்த டேவ் அப்ரூஸீஸ் இல்லை. முதல் வாரத்துலயே ஒன்பது லட்சத்துக்கு மேல வித்த 1993 ஆல்பம் அவர் வாசிச்சது. க்ரூசனைச் சேர்த்தது தப்புன்னு சொல்லலை, அந்தக் கணக்குப்படி இவரும் வரணும்.

நிர்வாணாவுல சாட் சானிங். இங்க பாட்டு எடுக்கிறப்ப ஜாக்கிரதை தம்பி. 1989ல வந்த 'ப்ளீச்' முழுக்க அவர் வாசிச்சதுன்னு நினைச்சு 'பேப்பர் கட்ஸ்' போட்டீங்கன்னா மாட்டிக்குவீங்க, அதுல டிரம்ஸ் மெல்வின்ஸ் பேண்டோட டேல் க்ரோவர். 'ஃப்ளாய்ட் த பார்பர்' கூட அப்படித்தான். 'பாலி' போடுங்க. 1990 ஏப்ரல்ல விஸ்கான்சின்ல ஸ்மார்ட் ஸ்டூடியோவுல பதிஞ்சதையே அடுத்த வருஷ ஆல்பத்துல வச்சுட்டாங்க. அதுல வர்ற சிம்பல் சத்தம் சானிங்கோடது, அந்த ஆல்பத்துல பேர் போடலை. 2014ல நிர்வாணா உள்ளே போன விழா மேடையில, அவருக்கு அப்புறம் வந்த டிரம்ஸ்காரர் டேவ் க்ரோல் அவருக்கு நன்றி சொன்னார், ஆனா பட்டியல்ல சேரலை.

கானாடுகாத்தான் கிட்டார்:
ஆச்சி சொன்னதோட எரிக் காரைச் சேர்த்துக்கங்க. 1980லேர்ந்து 1991ல சாகிற வரைக்கும் கிஸ்ஸோட டிரம்ஸ் அவர்தான். பாட்டு 1982ல வந்த 'க்ரீச்சர்ஸ் ஆஃப் த நைட்'லேர்ந்து எடுங்க. அந்த டிரம் சத்தத்தைக் கேட்டா குறிப்பே தேவைப்படாது. 1980 'அன்மாஸ்க்ட்' வேண்டாம், அட்டையில பழைய டிரம்ஸ்காரர் பீட்டர் க்ரிஸ், உள்ளே வாசிச்சது ஆன்டன் ஃபிக். கிஸ் அட்டையை நம்பி எதையும் எழுதாதீங்க.

படம் வைக்கிற விஷயம்: தேக்குத் தூண்ல டபுள் சைடு டேப் ஒட்டினா பாலிஷோட உரிஞ்சு வரும், துணி நாடாவால கட்டுங்க. சுவர்ல ஆணியே கூடாது. முட்டைப் பூச்சு ஒரு இடத்துல பெயர்ந்தா ஒட்டுப் போட இப்ப ஆள் கிடைக்கிறது கஷ்டம்.

பள்ளத்தூர் டிரம்ஸ்:
நன்றி அண்ணே, ஆச்சி. நாடாவே வாங்கிடறோம். மெட்டாலிக்காவுல டேவ் மஸ்டெய்ன், பீட்டில்ஸ்ல பீட் பெஸ்ட், இந்த ரெண்டு பேரையும் எல்லாரும் கேட்பாங்களே?

தேவகோட்டை ரஸ்தா:
பெஸ்ட் வேண்டாம், முதல் சிங்கிள் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டார். மஸ்டெய்ன் கொஞ்சம் சிக்கல். 1983 ஏப்ரல்ல அனுப்பினாங்க, ஜூலையில முதல் ஆல்பம். ஒரு ரெக்கார்டுலயும் வாசிக்கலை, ஆனா அந்த ஆல்பத்துல நாலு பாட்டுலயும் அடுத்ததுல ரெண்டுலயும் எழுதினவங்க பட்டியல்ல அவர் பேர் இருக்கு. வாசிப்புதான் அளவுன்னா இல்லை, எழுத்தையும் சேர்த்தா உண்டு. நான் வைக்க மாட்டேன்.

அந்த இடத்துக்கு பாப் வெல்ச் வரட்டும். ஃப்ளீட்வுட் மேக்ல 1971லேர்ந்து 1974 வரைக்கும் அஞ்சு ஆல்பம். 1998ல எட்டுப் பேரை எடுத்தாங்க, அவர் இல்லை. முன்னாடி இருந்த பீட்டர் க்ரீனுக்கும் அப்புறம் வந்த பக்கிங்ஹாமுக்கும் நடுவுல பேண்ட் சாகாம இருந்ததுக்குக் காரணமே இவர். 1994ல ராயல்டிக்காக பேண்ட் ஆட்கள் மேல வழக்குப் போட்டிருந்தார், இதைக் குறிப்புல ஒரு வரி எழுதுங்க. பாட்டு 'ஹிப்னடைஸ்ட்', 1973.

கோட்டையூர் ஆச்சி:
விட்டதைச் சரி பண்ணவே முடியாதான்னு யாராவது கேட்டா சொல்ல ரெண்டு சங்கதி. பட்டி ஹாலி 1986ல தனியாப் போனார். அவரோட குழு க்ரிக்கெட்ஸை 2012லதான் சேர்த்தாங்க. அதே வருஷம் ஸ்மோக்கி ராபின்சனோட மிராக்கிள்ஸ் உட்பட இன்னும் அஞ்சு குழு. ஆனா அது தலைவர் மட்டும் போன குழுக்களுக்குப் போட்ட வழி. சிம்பர் மாதிரி ஒத்தை ஆளுக்குப் பொருந்தாது. ரெண்டாவது மோட்டர்ஹெட். 2020 ஓட்டுக்கு வந்த பட்டியல்ல ஃபில் கேம்பலும் மிக்கி டீயும் முதல்ல இல்லை, ரசிகர்கள் சத்தம் போட்டதும் சேர்த்தாங்க. பேண்ட் அந்த வருஷம் ஜெயிக்கலைங்கிறது வேற விஷயம். சத்தம் போடறதா இருந்தா ஓட்டு முடியறதுக்கு முன்னாடி போடணும்.