எந்த நோக்கு எந்த நிறுவனத்துக்குப் பொருந்தும்? பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

தொடங்குபவர் – தொழிற்கூடத் தராசுத் துறை

ஒரு நிறுவனம் எதை முன்னிறுத்தித் தொழில் நடத்துகிறது என்பதைச் சந்தைப்படுத்தல் பாடப்புத்தகங்கள் ஐந்து நோக்குகளாக வரிசையாக அடுக்குகின்றன: உற்பத்தி நோக்கு (நிறையவும் மலிவாகவும் செய்வது), பொருள் நோக்கு (பொருளின் தரத்தைக் கூட்டிக்கொண்டே போவது), விற்பனை நோக்கு (செய்ததை முனைந்து விற்பது), சந்தை நோக்கு (வாடிக்கையாளரின் தேவையிலிருந்து தொடங்குவது), சமூக நோக்கு (சமூகத்தின் நலனையும் சேர்த்துப் பார்ப்பது). படிக்கிறவருக்கு முதலில் இருப்பது காலாவதியானது, கடைசியில் இருப்பதே உயர்ந்தது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. வேலையில் இறங்கினால் அப்படி இல்லை. எந்த நிறுவனத்துக்கு எது பொருந்தியது, எது பொருந்தாமல் போனது என்று நேரில் பார்த்தவர்கள் எழுதினால் பலருக்கும் உதவும். நான் பார்த்ததை முதலில் வைக்கிறேன்.

நான் பணியாற்றிய நிறுவனம் தொழிற்கூடங்களுக்கு மின்னணுத் தராசு செய்து விற்றது. நிறுவனர் பொறியாளர், துல்லியம்தான் அவருக்கு உயிர்மூச்சு. புது மாடல் வரும்போதெல்லாம் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் கூடியிருக்கும். கண்காட்சிகளில் எல்லோரும் பாராட்டுவார்கள். ஆனால் ஒருமுறை வாங்கியவர்கள் மறுமுறை வாங்குவது குறைந்துகொண்டே வந்தது. விளம்பரத்தைக் கூட்டலாமா, விலையைக் குறைக்கலாமா என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தது.

விடை, பழுதுபார்க்கப் போகும் பணியாளரிடம் இருந்தது. போகிற இடமெல்லாம் தராசின் பொத்தான்கள் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார். நேரில் போய்ப் பார்த்தோம். தூள் படிந்த கையோடு அமுக்குகிற பொத்தான்கள் அவை. இடுக்கு வழியே தூள் உள்ளே இறங்கி, சில மாதங்களில் சிக்கிக்கொள்கின்றன. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. ஒரு கூடத்தில் திரையின் கடைசி இலக்கத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். பக்கத்து இயந்திரத்தின் அதிர்வில் அந்த இலக்கம் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். அது நிற்கட்டும் என்று காத்திருந்தால் வேலை ஓடாது. எந்த இலக்கத்துக்காக வடிவமைப்புப் பிரிவு இரவு பகலாக உழைத்ததோ, அதைத்தான் மறைத்து வைத்திருந்தார்கள்.

கருத்துக்கணிப்பு நடத்தியிருந்தால் இது தெரிந்திருக்காது. "துல்லியம் எப்படி?" என்று கேட்டால் "மிக நன்று" என்றுதான் எழுதிக் கொடுத்திருப்பார்கள். 1990-இல் நார்வர், ஸ்லேட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் சந்தை நோக்கை அளக்க முயன்றபோது வாடிக்கையாளர் மீது கவனம், போட்டியாளர் மீது கவனம், துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு என்று மூன்று கூறுகளைச் சொன்னார்கள். மூன்றாவது எங்களிடம் அறவே இல்லை. பழுதுபார்ப்பு அட்டைகள் கட்டணம் வசூலிப்பதற்காகக் கணக்குப் பிரிவுக்குப் போயின. வடிவமைப்புப் பிரிவின் கண்ணில் அவை படவே இல்லை. அந்த வழியைத் திறந்துவிட்ட பிறகு வந்த மாடலில் பொத்தான்கள் ஒரே உறைக்குள் மூடப்பட்டிருந்தன, எண்கள் தூரத்திலிருந்தே தெரிந்தன, கடைசி இலக்கம் வேண்டாதவர்கள் அதை அணைத்து வைத்துக்கொள்ளலாம். நிறுவனருக்கு அந்த வசதி கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் திரும்பி வந்தார்கள்.

மறுமொழி – முகக்கவச ஆலை

இதைப் படித்துவிட்டு, சந்தை நோக்குதான் எவருக்கும் எப்போதும் சரி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2020-இல் நான் முகக்கவசம் தயாரிக்கும் ஆலையில் இருந்தேன். தொலைபேசியில் அழைத்த அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: "எப்போது கிடைக்கும்?" அந்த நேரத்தில் சந்தைப்படுத்தல் பிரிவிலிருந்து பல நிறம், பல அளவு, மேலே அச்சு என்று ஒரு திட்டம் வந்தது. ஆலை மேலாளர் மறுத்துவிட்டார். நிறம் மாற்றும்போதெல்லாம் துணிச் சுருளை மாற்ற வேண்டும், இயந்திரம் நிற்கும். அது நிற்கிற நேரத்தில் எத்தனை பேருக்குக் கவசம் இல்லாமல் போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பற்றாக்குறைக் காலத்தில் வாடிக்கையாளருக்கு வேண்டியதும் அதுதான்: நிறையக் கிடைக்க வேண்டும், மலிவாகக் கிடைக்க வேண்டும்.

ஃபோர்டின் மாடல் டி காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பல ஆண்டுகள் கறுப்பைத் தவிர வேறு நிறம் கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்தத் தேர்வின் மேல் பெரிய மரியாதை உண்டு. 1908-இல் வந்த கார் அது. 1913-இல் நகரும் பொருத்துதடம் (வண்டி நகர்ந்துவர, ஆள்கள் நின்ற இடத்திலேயே பாகங்களைப் பொருத்தும் அசெம்பிளி லைன்) அமைந்ததும், 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த அடிச்சட்டப் பொருத்தும் வேலை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. விலை சரிந்தது. அதுவரை காரை நினைத்துப் பார்க்காதவர்கள் வாங்கினார்கள். 1927-இல் நிறுத்தியபோது ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்திருந்தன. முதல் கார் வாங்குகிறவர்களால் சந்தை நிறைந்திருந்தவரை அதைவிடச் சரியான வழி இல்லை. பிறகு அவர்களே இரண்டாவது காருக்கு வந்தபோது, போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வருமானத்துக்கு ஏற்ப வெவ்வேறு வண்டிகளையும், 1919-இல் தொடங்கிய கடன் வசதியையும் வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஃபோர்டு பல மாதங்கள் உற்பத்தியை நிறுத்தித்தான் அடுத்த மாடலுக்கு மாற முடிந்தது.

எங்களுக்கு அந்தத் திருப்பம் மிக விரைவாக வந்தது. அழைப்பவர்களின் கேள்வி மாறியது. "காது வலிக்காத நாடா இருக்கிறதா?", "மூக்குக்கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்குமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கேள்வி மாறியபோதே நோக்கும் மாறியிருக்க வேண்டும். நிர்வாகமோ, மணிக்கு எத்தனை என்று எழுதிவைத்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தது. கிடங்கு கூரைவரை நிரம்பியது.

மறுமொழி – வீட்டு உபயோகச் சாதனங்கள், விற்பனைப் பிரிவு

மேலே எழுதியவர் சொன்ன பலகையை நான் அப்படியே பிடித்துக்கொள்கிறேன். ஒரு நிறுவனம் எந்த நோக்கில் இருக்கிறது என்று தெரிய அதன் கொள்கை அறிக்கையைப் படிக்க வேண்டியதில்லை. எதை எண்ணுகிறார்கள், எதற்கு ஊக்கத்தொகை தருகிறார்கள் என்று கேட்டால் போதும்.

எங்கள் அலுவலகச் சுவரில் வாடிக்கையாளரே முதன்மை என்று பெரிதாக எழுதியிருக்கும். ஊக்கத்தொகையோ, கிடங்கை விட்டு லாரி கிளம்பும் எண்ணிக்கைக்கு. மாதக் கடைசியில் நடப்பதைச் சொல்கிறேன். டீலரிடம் போன மாதச் சரக்கே பிரிக்கப்படாமல் இருக்கும். கூடுதல் தள்ளுபடி, கூடுதல் தவணை, "இந்த ஒருமுறை மட்டும்" என்ற வேண்டுகோள். இடமில்லை என்று அவர் சொன்னால் இடத்துக்கு வாடகை தருவதாகக்கூடச் சொல்வார்கள். இலக்கு முடிந்தது என்று கைதட்டல். அடுத்த மாதத்தின் முதல் பாதியில் ஒரு ஆர்டரும் வராது, திரும்பி வரும் பெட்டிகளுக்கு வரவு எழுதுவதே வேலையாக இருக்கும். வீட்டுக்குள் அந்தச் சாதனத்தைப் பயன்படுத்துகிற மனிதர் இந்தச் சுழற்சியில் எங்குமே இல்லை.

பிறகு வந்த தலைமை அதிகாரி, டீலரிடமிருந்து கடைசி வாடிக்கையாளருக்குப் போன எண்ணிக்கையை மட்டும் விற்பனையாகக் கொள்ளச் செய்தார். முதல் காலாண்டில் எண்கள் விழுந்தன, முதலீட்டாளர்கள் பதறினார்கள், திறமையான விற்பனையாளர் சிலர் வேலையை விட்டார்கள். அந்த அதிகாரி அசையவில்லை. அதன் பிறகுதான் விற்பனைக் கூட்டங்களில் "எந்த மாடல் வீட்டில் எப்படி உழைக்கிறது" என்ற பேச்சே முதன்முதலாக எழுந்தது.

இதனால் விற்பனை நோக்கே தீது என்று நான் சொல்லவில்லை. காப்பீடு போன்றவற்றைத் தாமாகத் தேடி வந்து வாங்குகிறவர்கள் குறைவு. யாராவது போய் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அங்கும் பாலிசி எழுதிய அன்றைக்குக் கமிஷனா, அடுத்த ஆண்டுத் தவணையும் கட்டப்படுகிறதா என்று பார்த்துக் கமிஷனா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மறுமொழி – சலவைத் திரவம்

சமூக நோக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. எங்கள் சலவைத் திரவத்தின் மூடியே அளவுக் கிண்ணமும்கூட. ஒரு சுமைத் துணிக்குப் பாதி மூடி போதும். கோடும் அங்கேதான் இருந்தது, ஆனால் மூடியின் நிறத்திலேயே, கண்ணுக்குத் தெரியாதபடி. பெரும்பாலானவர்கள் மூடியை நிரப்பி ஊற்றினார்கள். இது எல்லோருக்கும் தெரியும். பாட்டில் சீக்கிரம் தீர்ந்தால் விற்பனை கூடும் என்பதும் தெரியும். வாங்கியவர்கள் குறையேதும் சொல்லவில்லை. ஆகவே வாடிக்கையாளர் திருப்தியை மட்டும் அளந்தால் இந்தச் சிக்கல் வெளியே வராது. வீணான திரவம் சாக்கடைக்குப் போகிறது, கூடுதல் பாட்டில்கள் குப்பைக்குப் போகின்றன. சிறிய மூடிக்கு மாறலாம் என்று ஓர் இளம் அலுவலர் விடாமல் வாதாடினார். மாறினோம். முதலில் விற்பனை இறங்கியது, அதை மறைக்க வேண்டியதில்லை. இன்றும் அதைச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மறுமொழி – இயந்திர உதிரிபாகங்கள்

ஒரு நிறுவனத்துக்கு ஒரே நோக்குதான் இருக்க வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லையே? எங்களிடம் இரண்டு வகைப் பொருள்கள். ஒன்று, எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தும் சாதாரணத் திருகாணி, வளையம் போன்றவை. வாங்குகிறவருக்கு வேண்டியது விலையும் உடனடிக் கையிருப்பும் மட்டும். அவரிடம் போய்த் தேவை என்ன என்று ஒரு மணி நேரம் பேசினால் எரிச்சல்படுவார். மற்றொன்று, ஆலையின் தேவைக்கேற்ப வடிவமைத்துத் தரும் பாகங்கள். அங்கே பேசாமல் வரைபடத்தைத் தொடவே முடியாது.

இரண்டுக்கும் ஒரே குழு, ஒரே இலக்கு என்று இருந்தவரை இரண்டுமே தடுமாறின. விற்பனையாளர் எளிதாகப் போகும் திருகாணியை விற்று இலக்கை முடித்துக்கொள்வார். வடிவமைப்புப் பாகம் கேட்ட ஆலைக்குப் பதில் போக வாரக்கணக்கில் ஆகும். இப்போது குழுக்கள் வேறு, கணக்குகளும் வேறு. திருகாணிக் குழு ஒரு பாகத்துக்கு ஆகும் அடக்கச் செலவையும் கையிருப்பு தீர்ந்துபோன நாள்களையும் பார்க்கிறது. மற்றக் குழு, அதே ஆலை அடுத்த வடிவமைப்புக்கு எங்களையே அழைத்ததா என்று பார்க்கிறது. இரண்டு குழுத் தலைவர்களுக்கும் இடையே இன்னும் தீராத சண்டை ஒன்றுண்டு: பொதுவான கடைசல் இயந்திரத்தில் யாருடைய வேலை முதலில் ஏறுவது என்பது. இதற்கு வழி கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.