4294967297-இன் காரணி 641: மகளுக்கு விளக்க உதவுங்கள்

வணக்கம். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் பெரிய எண்கள் என்றால் உயிர். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. எல்லாமே பகா எண்கள். இது இப்படியே தொடரும் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். அடுத்த எண்ணான 4294967297-ஐ (2-இன் அடுக்கு 32, கூட்டல் 1) 641 × 6700417 என்று 1732-இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர் உடைத்துவிட்டார்.

நேற்று ராத்திரி நோட்டில் வகுத்துக்கொண்டே வந்து, கடைசியில் மீதி பூஜ்ஜியம் ஆனதும் துள்ளிக் குதித்தாள். அப்புறம் கேட்டாள்: "641-ஐ எப்படிப்பா பிடிச்சாங்க?"

4294967297-இன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பது ஆய்லர் நிறுவியது. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடுகிறது! சரி, மீதி ஏன் 1 வர வேண்டும்? எனக்குத் தெரிந்த நிரூபணம் குலக் கோட்பாடு (group theory) என்ற உயர்கணிதம் வழியாகப் போகிறது. அவளுக்கு அது இப்போது எட்டாது. ஃபெர்மாவின் சிறிய தேற்றம் வரை (p ஒரு பகா எண், a அதனால் வகுபடாத முழு எண் என்றால், a-இன் p−1 அடுக்கை p-ஆல் வகுக்க மீதி 1) சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதை மட்டும் வைத்து, சின்ன எண்களில் காட்டி விளக்க வழி உண்டா? கணக்கு ஆசிரியர்கள் யாராவது முதல் இரண்டு படிகளை எழுதினால்கூடப் போதும். மீதியை நாங்கள் உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறோம்.